முதுகெலும்புள்ள மனிதன்

எனக்கு முதுகெலும்பு கிடையாது என்பது என் மனைவியின் நீண்ட நாள் அபிப்பிராயம். வாடகையைக் கூட்டாதீர்கள் என்று கேட்கப் போய், கூட்டியதற்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்த அன்றைக்கு முதல் தடவையாகச் சொன்னாள். அதற்கப்புறம் மாதம் இரண்டு தடவையாவது சொல்லி வந்தாள். 2024 ஜனவரியில், ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் என் எக்ஸ்ரேயைத் திறந்து பார்த்த டாக்டர், ‘‘முதுகெலும்பு இருக்கு சார்... ஆனா...’’ என்று இழுத்தார்.

அந்த ‘ஆனா’வைப் பற்றித்தான் இந்த வாரம்.

கதை 2022 நவம்பர் மழையில் ஆரம்பிக்கிறது. எனக்குச் சின்ன வயசிலிருந்தே இழுப்பு உண்டு. மழை வரப்போகிறது என்பதை வானிலை ஆபீஸுக்கு முன்னாடி என் நெஞ்சு சொல்லிவிடும். அந்த நவம்பரில் கொஞ்சம் ஓவராகவே சொன்னது. ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, பழைய ஹார்மோனியம் மாதிரி சுருதி விட்டுக்கொண்டிருந்தேன். காலையில் பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனேன். ஒரு இன்ஹேலர் எழுதினார். கூடவே சின்ன வெள்ளை மாத்திரை, ஐந்து நாளைக்கு. பெயர் பிரெட்னிசோலோன்.

‘‘அஞ்சே நாள். அப்புறம் வந்து காட்டுங்க’’ என்றார்.

இன்ஹேலரை நான் வாங்கவில்லை. அதைப் பிடித்தால் ஆயுசுக்கும் அடிமையாகி விடுவோம் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. யார் சொன்னார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மாத்திரையை மட்டும் வாங்கினேன்.

சார், அது மாத்திரை இல்லை, மந்திரம்! இரண்டாம் நாள் மூச்சு பட்டு மாதிரி ஓடியது. மூன்றாம் நாள் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினேன். பசி என்றால் அப்படி ஒரு பசி. ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டு ‘டிபன் ஆச்சா?’ என்று கேட்கிற நிலைமை.

ஆறாம் நாள் மாத்திரை தீர்ந்தது. பத்தாம் நாள் ஹார்மோனியம் திரும்பி வந்தது.

இந்த இடத்தில் புத்தியுள்ள மனிதன் டாக்டரிடம் போவான். நான் பி.காம். படித்தவன். டாக்டர் ஃபீஸ் எவ்வளவு, மாத்திரை எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். பத்து மாத்திரை அட்டை, ஒரு டீ வடைச் செலவில் முடிந்தது. பழைய சீட்டை எடுத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்கு நடந்தேன். முதல் இரண்டு தடவை சீட்டைப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை என் முகத்தைப் பார்த்தார்கள். நாலாவது தடவை, நான் தெருமுனையில் திரும்பும்போதே அட்டை கவுன்ட்டருக்கு வந்துவிட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அந்த அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. அதைப் படிக்க எனக்கு நேரமில்லை. அவருக்கும்தான்.

இப்படியாக நாளைக்கு ஒன்று, 20 மில்லிகிராம். நெஞ்சு சும்மா இருக்கும் வாரங்களில் பாதி. ஐந்து நாள் மாத்திரையை நான் சாப்பிட்டது மொத்தம் 14 மாதம்.

எல்லோரும் பாராட்டினார்கள் என்பதுதான் கொடுமை. ஒட்டிய கன்னமெல்லாம் உப்பி, முகம் முழு நிலா மாதிரி ஆகிவிட்டது. ஒரு கல்யாண வீட்டில் பெரியம்மா என் கன்னத்தை வழித்து, ‘‘இப்பத்தான்டா மூஞ்சியில களை வந்திருக்கு. பொண்டாட்டி நல்லா சமைச்சுப் போடறா போலிருக்கு’’ என்றார். என் மனைவி அந்தப் பெருமையைக் கொஞ்சமும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டாள். டாக்டர்கள் இதற்கு ‘மூன் ஃபேஸ்’ என்று பெயர் வைத்திருப்பதும், அது களை இல்லை, எச்சரிக்கை என்பதும் அப்போது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

அப்புறம் வந்தது அந்த ஜனவரி வெள்ளிக்கிழமை.

எங்கள் ஃபிளாட் மூன்றாவது மாடி. லிஃப்ட், பில்டர் காட்டிய கலர் படத்தில் மட்டும் இருந்தது. தண்ணி கேன் போடுகிற பையன் கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். 20 லிட்டர் கேன். ‘‘ஏங்க, பையன் வர்ற வரைக்கும் இருங்களேன்’’ என்றாள் மனைவி. வீரம் காட்ட வேண்டிய இடத்தில் காட்டாமல், வேண்டாத இடத்தில் காட்டுவது என் சுபாவம். குனிந்தேன். தூக்கினேன்.

‘டக்.’

கேன் உடைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கேன் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் தரையில் கிடந்தேன்.

*

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். முதுகெலும்பு என்பது இட்லி அடுக்கி வைத்த மாதிரி, ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கிறது. இடுப்புப் பக்கம் என் இட்லி ஒன்றின் மேல் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்திய மாதிரி முன்பக்கம் நசுங்கியிருந்தது.

‘‘இதோ, மேல இன்னொண்ணும் நசுங்கியிருக்கு பாருங்க. இது பழசு. இது எப்போ ஆச்சு?’’

எனக்குத் தெரியாது. எப்போதோ ஒரு வாரம் முதுகு வலித்தது, தைலம் தேய்த்தோம். அவ்வளவுதான். முதுகெலும்பில் வரும் இந்த மாதிரி முறிவுகளில் பாதிக்கு மேல் ஆசாமிக்கே தெரியாமல் போகுமாம். உயரம் குறைவதுதான் அடையாளம். அளந்து பார்த்தார்கள். என் பாஸ்போர்ட்டில் இருப்பதைவிட ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்திருந்தேன்.

‘‘உங்க வயசுக்கு ஒரு கேனைத் தூக்கினதுல இது ஆகக் கூடாதே. ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?’’

‘‘ஒண்ணும் இல்ல டாக்டர்.’’

பக்கத்தில் நின்றிருந்த என் மனைவி ஹேண்ட்பேகைத் திறந்து, காலியான அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜை மேல் வைத்தாள். இன்கம்டாக்ஸ் ரெய்டில்கூட இவ்வளவு நிதானமாக ஆவணங்களை எடுத்து வைக்க மாட்டார்கள்.

டாக்டர் முகம் மாறிவிட்டது. ‘‘இது ஸ்டீராய்டு சார். இதை நீங்களா வாங்கிச் சாப்பிடக் கூடாது. திங்கட்கிழமை பெரிய டாக்டரம்மாவைப் பாருங்க’’ என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த அட்டைகளைக் குப்பைத் தொட்டியில் வீசினேன். ‘இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன்’ என்று ஒரு டயலாக்கும் விட்டேன். வாழ்க்கையில் நான் எடுத்த ஒரே உறுதியான முடிவு.

அதுவும் தப்பு.

ஞாயிறு ராத்திரி தலை சுற்றியது. எழுந்தேன், கண் இருட்டியது. வாந்தி. கை காலெல்லாம் துணி மாதிரி துவண்டது. மறுபடி அதே அவசரப் பிரிவு. ரத்த அழுத்தம் பாதாளத்தில் இருந்தது. அன்றைக்கு என் மனைவி முதுகெலும்பு பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது. அவள் திட்டாமல் இருந்ததைப் பார்த்து!

*

திங்கட்கிழமை டாக்டரம்மா வந்தார். என் அம்மா வயசு. கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

‘‘ஆரம்பிச்சதும் நீங்களா, நிறுத்தினதும் நீங்களா. அப்புறம் எங்களுக்கு எதுக்குப்பா காலேஜு?’’

பிறகு விளக்கினார். சிறுநீரகத்துக்கு மேல் தொப்பி மாதிரி அட்ரீனல் என்று இரண்டு சுரப்பிகள் உட்கார்ந்திருக்கின்றன. இந்த ஸ்டீராய்டு சரக்கை உடம்புக்குத் தேவையான அளவு அவையே தினமும் தயாரிக்கும். வெளியிலிருந்து மாத்திரையாக வந்து கொட்ட ஆரம்பித்தால், ‘நமக்கென்ன வேலை’ என்று தூங்கிவிடும். நம் ஆபீஸ்களில் வேலைக்கு கான்ட்ராக்ட் ஆள் வந்ததும் பர்மனென்ட் குமாஸ்தா கேன்டீனில் குடியேறுவதில்லையா, அந்த மாதிரி. திடீரென்று கான்ட்ராக்ட் ஆளைத் துரத்தினால் சீட்டில் யாருமே இல்லை. கடை நடக்காது. சில சமயம் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் சில வாரங்களுக்கு மேல் சாப்பிட்ட ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, குமாஸ்தாவைத் தட்டி எழுப்பி சீட்டில் உட்கார வைக்க வேண்டும். எனக்கு அதற்குப் பல மாதம் ஆயிற்று.

‘‘அது சரி டாக்டர், நெஞ்சுக்குச் சாப்பிட்ட மாத்திரை எலும்பை எப்படி ஒடிக்கும்?’’

‘‘எலும்புன்னா கல்லுன்னு நினைச்சீங்களா? அது உயிருள்ள சமாசாரம்’’ என்றார்.

எலும்பில் இரண்டு கோஷ்டி செல்கள் ராப்பகலாக வேலை செய்கின்றன. ஒரு கோஷ்டி பழைய எலும்பைத் தோண்டும். இன்னொரு கோஷ்டி பின்னாலேயே வந்து புதுசாக நிரப்பும். கேட்டதும் எனக்குச் சென்னை ரோடு ஞாபகம் வந்தது. ஒரே வித்தியாசம், எலும்பில் நிரப்புகிற கோஷ்டியும் ஒழுங்காக வேலைக்கு வரும். ஸ்டீராய்டு உள்ளே போனால் நிரப்புகிற கோஷ்டியில் பாதிப் பேருக்கு ஆயுசு முடிந்துவிடுகிறது. தோண்டுகிற கோஷ்டிக்கோ ஓவர்டைம்! போதாக்குறைக்கு, குடல் கால்ஷியத்தைச் சரியாக வரவு வைக்காது. சிறுநீரகம் இருக்கிறதையும் பற்று எழுதி வெளியே அனுப்பும். பி.காம். மூளைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? எந்தக் கம்பெனியும் திவாலாகும்.

‘‘முதல்ல போறது முதுகெலும்புதான். அதுக்குள்ள ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கும். அப்புறம் விலா, இடுப்பு. அதுவும் வருஷக்கணக்கா ஆகும்னு நினைக்காதீங்க. முதல் ஆறு மாசத்துலதான் எலும்பு வேகமாக் கரையும். மூணு மாசத்துலயே முறியற ஆபத்து ஏறிடும்.’’

நீண்ட நாள் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் 100க்கு 30 முதல் 50 பேர் வரை எங்கேயாவது எலும்பு முறிவு வருகிறது என்றும் சொன்னார். தினம் 7.5 மில்லிகிராம் என்றாலே உஷாராக வேண்டுமாம். அதற்குக் கீழேயும் ஆபத்து பூஜ்யம் கிடையாது. நான் சாப்பிட்டது 20.

எனக்கு ஆத்திரம் வந்தது. ‘‘இவ்வளவு மோசமான மருந்தை எதுக்கு டாக்டர் விக்கறாங்க?’’

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். ‘‘மோசமான மருந்துன்னு யார் சொன்னா?’’

1948ல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில், மூட்டுவாதத்தில் நடக்க முடியாமல் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்கு ஃபிலிப் ஹென்ச் என்ற டாக்டர் இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளையான கார்ட்டிசோனை ஊசியாகப் போட்டாராம். சில நாளில் அந்தப் பெண் நடந்தே கடைத்தெருவுக்குப் போய்விட்டாள்! 1950ல் ஹென்ச்சுக்கும், கெண்டல், ரைக்ஸ்டைன் என்ற இரண்டு விஞ்ஞானிகளுக்கும் நோபல் பரிசு. கொரோனா சமயத்தில், 2020ல், ஆக்சிஜனில் இருந்த நோயாளிகளின் சாவைக் குறைக்கிறது என்று நிரூபித்த டெக்ஸாமெத்தசோனும் இதே குடும்பம்தான்.

‘‘இதோட கெட்ட பேரும் பழசுதான். உடம்பே இந்தச் சரக்கை அளவு மீறிச் சுரந்தா வர்ற நோயை, முகம் உருண்டு எலும்பு மெலிஞ்சு போறதை, ஹார்வி குஷிங் 1932லயே எழுதிட்டார். மருந்து வர்றதுக்கு 16 வருஷம் முந்தி! கத்தி மாதிரிப்பா இது. சமையல்காரர் கையில இருந்தா சாம்பார். உங்க கையில இருந்தா விரல் போகும்.’’

*

டிஸ்சார்ஜ் ஆகி, இடுப்பில் பெல்ட்டோடு வந்து இறங்கினேன். கீழ் வீட்டுப் பையன் ஓடி வந்தான். கல்லூரி மாணவன், ஜிம்மே கதி என்று கிடப்பவன்.

‘‘அங்கிள், ஸ்டீராய்டு எடுத்தீங்களாமே! சொல்லவே இல்ல. பாடி எங்க?’’

தம்பிகளே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஜிம்மில் ரகசியமாகக் கைமாறுகிற ஸ்டீராய்டு வேறு, நான் சாப்பிட்டது வேறு. பெயர் ஒன்று, இனிஷியல் வேறு. அது சதையை ஏற்றுகிற கோஷ்டி, அதற்குத் தனியாக ஒரு பாவப் பட்டியல் இருக்கிறது. என்னுடையது சதையையும் சேர்த்து இளைக்க வைக்கிற ஜாதி. தொடைச் சதை போனால் கால் தடுமாறும். விழுவோம். விழுந்தால் இருக்கவே இருக்கிறது, மெலிந்த எலும்பு.

இப்போது என் வைத்தியத்தைக் கேளுங்கள். எந்த இன்ஹேலருக்குப் பயந்தேனோ அதையே வாங்கினேன். அதிலும் ஸ்டீராய்டுதான். ஆனால் மைக்ரோகிராம் கணக்கு. ஒரு மில்லிகிராமுக்கு 1,000 மைக்ரோகிராம். நாளைக்கு 400 மைக்ரோகிராம் என்றால் 0.4 மில்லிகிராம்! ‘‘அப்போ அம்பதுல ஒரு பங்கா டாக்டர்?’’ என்று துள்ளினேன். ‘‘மருந்து வேற, வீரியம் வேற, கணக்கு அவ்வளவு நேர் கிடையாது. ஆனா நேரா நெஞ்சுக்குப் போறதால உடம்புக்குப் போறது ரொம்பக் கம்மி’’ என்றார். பதினாலு மாதம் தப்பித்து ஓடியது, என்னைக் காப்பாற்ற வந்தவனிடமிருந்து!

எலும்புக்கு டெக்ஸா என்று ஒரு ஸ்கேன். போட்ட சட்டையோடு பத்து நிமிஷம் படுத்தால் போதும், ஊசி கிடையாது. ஸ்டீராய்டு சாப்பிட்ட எலும்பு, ஸ்கேனில் ‘சுமார்’ என்று வந்தாலும் முறியுமாம். அதனால் மார்க் பாஸாகிவிட்டது என்று மெத்தனமாக இருக்க முடியாது. தினமும் கால்ஷியம், வைட்டமின் டி. சாப்பாட்டில் பால், தயிர், எள்ளு, கேழ்வரகு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்ஷியம் இருக்கிறது. சின்ன வயசில் கூழ் வேண்டாம் என்று அழுதவன், இப்போது கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன்.

அப்புறம் வாரம் ஒரு மாத்திரை. அலென்ட்ரோனேட் என்று பெயர். தோண்டுகிற கோஷ்டியை அடக்குகிற ஆசாமி. அதற்கு ஏக கெடுபிடி. காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் முழுக்கப் பச்சைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அப்புறம் அரை மணி நேரம் காபி கிடையாது, படுக்கவும் கூடாது. இல்லாவிட்டால் உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் ஹாலில் உட்கார, எதிரில் மனைவி காபியை ஆற்றிக்கொண்டே காவல் இருப்பாள்.

‘‘வாரத்துல அரை மணி நேரமாவது நிமிர்ந்து உக்காருறீங்களே, சந்தோஷம்’’ என்பாள்.

*

இதை எழுதக் காரணம் நானில்லை. என் பழைய ஆடிட் ஆபீஸ் நண்பன்.

நான் படுத்திருந்த சேதி கேட்டு போன் பண்ணினான். முழுக்கதையும் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் குரல் நடுங்கச் சொன்னான். ‘‘டேய்... எங்கம்மாவுக்கு மூட்டுவாதம்டா. மூணு வருஷமா இதே மாத்திரைதான், தினம் பத்து மில்லிகிராம். பெரிய டாக்டர் எழுதினது. இன்னிக்கே நிறுத்திடறேன்.’’

‘‘டேய், நிறுத்தாதே!’’ என்று நான் போட்ட கூச்சலில் முதுகு பிடித்துக்கொண்டது. பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு சொன்னேன். ‘‘அம்மா சாப்பிடறது தப்பில்ல. நான் சாப்பிட்டதுதான் தப்பு. மாத்திரையைத் தொடாதே. அந்த டாக்டர்கிட்டயே போய் மூணு கேள்வி கேளு. எங்கம்மாவுக்கு இந்த அளவு இன்னும் வேணுமா, குறைக்க முடியுமா? எலும்பு ஸ்கேன் பண்ணணுமா? எலும்புக்கு மருந்து தரணுமா? அவ்வளவுதான்.’’

போனார்கள். ஸ்கேனில் எலும்பு நன்றாக மெலிந்திருந்தது. நல்ல காலம், முறிவு எதுவும் இல்லை. மூட்டுவாதத்துக்கு வேறு மருந்தைக் கூட்டி, ஸ்டீராய்டை மெதுவாகக் குறைக்க ஆரம்பித்தார்கள். எலும்புக்கும் தனி மருந்து. போன பொங்கலுக்குப் போயிருந்தேன். அந்த அம்மா அடுப்படியிலிருந்து நடந்து வந்து, தன் கையாலேயே எனக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார். ‘‘நீ விழுந்ததுல நான் பொழைச்சேன்ப்பா’’ என்றார். இருபது கிலோ கேனைத் தூக்கியதற்கு இதைவிட நல்ல கூலி கிடைக்காது.

ஆகவே, உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவை இன்றைக்கு ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள். இழுப்புக்கோ, மூட்டுக்கோ, தோலுக்கோ ‘கேட்ட உடனே கேட்கிற’ மாத்திரை ஏதாவது மாதக்கணக்கில் ஓடுகிறதா? அட்டையில் பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், டிஃப்ளாசகார்ட் என்று இருக்கிறதா? வீசாதீர்கள். அட்டையோடு டாக்டரிடம் போங்கள். பெயரே இல்லாத பொட்டலத்தில் மூட்டு வலிக்கு அதிசயப் பொடி விற்கிறார்களே, அதில்கூடச் சில சமயம் இந்த ஆசாமி மாறுவேடத்தில் இருப்பான். அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இப்போதெல்லாம் தண்ணி கேன் மூன்றாவது மாடிக்கே வருகிறது. பையனுக்குப் பத்து ரூபாய் கூடுதல். இந்த மாதம் அவன் இருபது கேட்டான். நான் நிமிர்ந்து நின்று, கணீரென்று, ‘‘முடியாது!’’ என்றேன்.

உள்ளேயிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். கண்ணில் ஆச்சரியம். கொஞ்சம் பெருமைகூட.

பையன் கேனைக் கீழே வைத்துவிட்டு, ‘‘சரி சார், நீங்களே தூக்கிக்குங்க’’ என்றான்.

இருபது கொடுத்துவிட்டேன்.